தோட்டவிளை நடைவரிசை

ஜூன் 19, திங்கள்

வட்டார அலுவலகத்தில் ஒரு நாள் பயிற்சி. பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தோ சைக்கிளிலோ வர வேண்டும் என்று இரண்டு வார இயக்கம். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பேனர், ஒரு விசில், இந்த நோட்டு. நாள்தோறும் நடப்பதை இதில் எழுதி மாதக் கடைசியில் காட்ட வேண்டுமாம். யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? அதனால் உள்ளதை உள்ளபடியே எழுதலாம்.

எங்கள் வெள்ளாங்கரை நடுநிலைப் பள்ளிக்கு நான்தான் பொறுப்பு. சாயங்காலம் பள்ளிக்குத் திரும்பினால், தலைமையாசிரியர் சங்கரலிங்கம் சார் பேனரைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "சுகிர்தா டீச்சர், நம்ம ஸ்கூல்ல சுறுசுறுப்பு நீங்கதான். பாத்துக்கிடுங்க" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து மகன் ஆல்வினின் யூனிஃபார்ம் இரண்டு செட் துவைத்தேன். டை சாயம் போகிறது. தனியாகத்தான் அலச வேண்டும்.

ஜூன் 20, செவ்வாய்

காலையில் வாசலில் நின்று எண்ணினேன். மொத்தம் எண்பத்து நான்கு பேர். பாதிக்கு மேல் அப்பா பைக்கிலும் மாமா பைக்கிலும். சுடலையின் ஆட்டோ இரண்டு நடை வந்தது. ஒரு நடைக்குப் பதிமூன்று பிள்ளைகள், டிரைவர் சீட்டில் மட்டும் இரண்டு பேர். நடந்து வந்தவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் மட்டும்தான்.

ஏழாம் வகுப்பில் "நடந்து வாரவங்க கை தூக்குங்க" என்றேன். ஒரு கையும் எழவில்லை. நடந்து வந்ததை நானே பார்த்த ஐந்து பேர் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜூன் 22, வியாழன்

பள்ளி விட்டதும் தோட்டவிளைக்குப் போனேன். ஒன்றேகால் கிலோமீட்டர். எங்கள் பிள்ளைகளில் முப்பது பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள். முன்பெல்லாம் எல்லோரும் நடந்து வந்தவர்கள்தான். இடையில் நாலுவழிச் சாலை வந்த பிறகு நின்றுவிட்டது.

பேச்சியம்மாள் வீட்டில்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச முடிந்தது. ஏழாம் வகுப்பு இசக்கிப்ரியாவின் அம்மா. மகன் கவின் இரண்டாம் வகுப்பு. வீட்டுக்காரர் கேரளாவில் டைல்ஸ் வேலை, கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் வருவாராம். மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே பேசினாள். கை நிற்கவே இல்லை.

"நடக்கதுக்கு என்ன டீச்சர், நடப்பாவ. அந்த ரோட்ட யாரு தாண்டி விடுவா?"

"நான் இங்க வந்து கூட்டிட்டுப் போறேன்."

"ரெண்டு நாளு வருவிய. பொறவு?"

"தெனமும் வருவேன்."

அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "டீச்சர் சொன்னா சரிதான்" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்க நன்றாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 26, திங்கள்

முதல் நாள். ஆறு பேர். ஏழே காலுக்கு ஆல்வினை அவன் பள்ளி வேனில் அனுப்பிவிட்டு, ஏழே முக்காலுக்குத் தோட்டவிளையில் இருந்தேன். ஒரு கம்பில் சிவப்புத் துணியைக் கட்டி எடுத்துப் போனேன். நான் முன்னால், இசக்கிப்ரியா கடைசியில், நடுவில் சின்னவர்கள்.

சாலையின் நடுச்சுவரில் ஊர்க்காரர்கள் கடக்கிற மாதிரி ஓர் இடைவெளி இருக்கிறது. இந்தப் பக்கம் நாலு நிமிடம் நின்றோம், நடுவில் மூன்று நிமிடம். ஒரு தண்ணீர் லாரிக்காரன் நிறுத்திக் கையைக் காட்டினான். பிள்ளைகள் அவனுக்கு வணக்கம் வைத்தார்கள்.

ஜூன் 30, வெள்ளி

வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார். பேனரோடு போட்டோ. சங்கரலிங்கம் சார் ஆட்டோவில் வந்த பிள்ளைகளையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார். சுடலை ஆட்டோவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். "டீச்சர், நானும் எறங்கி நிக்கவா? நானும் ஒரு காலத்துல நடந்தவன்தான்" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

ஜூலை 3, திங்கள்

"போட்டோ ஏத்தியாச்சுலா டீச்சர். இனி எதுக்கு வெயில்ல அலையுதிய?" என்றார் சார். பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது, நிறுத்தினால் சங்கடப்படுவார்கள் என்றேன். "உங்க இஷ்டம்" என்றார். எழுத்தில் எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நோட்டையும் யாரும் கேட்கவில்லை.

ஜூலை 13, வியாழன்

பத்தொன்பது பேர்! இந்த மூன்று வாரத்தில் தோட்டவிளையிலிருந்து ஒருவர்கூடத் தாமதமாக வரவில்லை. முதல் பீரியடில் தூங்கி வழிகிற கவின் இப்போது தூங்குவதில்லை என்று அவன் வகுப்பு டீச்சரே சொன்னார்.

இசக்கிப்ரியா நடக்கும்போது நிறையப் பேசுகிறாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.

"டீச்சர், பதினொண்ணாங் கிளாஸ் போனா சைக்கிள் குடுப்பாவல்லா? நீல கலரா, பச்ச கலரா?"

"அதுக்கு இன்னும் நாலு வருசம் இருக்கே."

"இப்பமே ஓட்டப் படிச்சாத்தான டீச்சர் அப்பம் ஓட்ட முடியும்?"

இட்லிக்கு அரைத்த மாவு புளிக்கவில்லை. தோசைதான்.

ஜூலை 21, வெள்ளி

நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு மனு எழுதினேன். கடக்கும் இடத்தில் வேகத்தடை, ஒரு எச்சரிக்கைப் பலகை, காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் ஒரு காவலர். தோட்டவிளையில் நாற்பத்தோரு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். பேச்சியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு நிதானமாகப் போட்டாள். ஐந்தாவது வரை படித்தவளாம்.

என் வீட்டுக்காரர் ஜெயசிங் மனுவைப் படித்துப் பார்த்தார். அவருக்குத் தூத்துக்குடியில் உப்புக் கம்பெனியில் வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். "நல்லாத்தான் எழுதியிருக்க சுகிர்தா. ஆனா அவங்களுக்கு அந்த எடைவெளி இருக்கதே தெரியாம இருந்திருக்கும். இப்ப தெரிஞ்சிரும்" என்றார்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

தெரிந்துவிட்டது. பதில் வந்திருக்கிறது. அது அனுமதி இல்லாத இடைவெளியாம். பாதசாரிகள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சுரங்கப் பாதையைப் பயன்படுத்த வேண்டுமாம். மத்தியானமே ஆள் வந்து சிமெண்ட் கட்டைகளை இறக்கி அடைத்துவிட்டார்கள். என் மனுவின் எண்ணும் தேதியும் அந்தக் கடிதத்தின் மேலே இருக்கின்றன.

கையெழுத்துப் போட்ட நாற்பத்தோரு பேர் முகத்திலும் எப்படி விழிப்பது?

ஆகஸ்ட் 7, திங்கள்

பிள்ளைகளே வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இடைவெளி இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி சாலைக்கு அடியில் ஓடைப்பாலம் ஒன்று இருக்கிறது. ஓடை காய்ந்து கிடக்கிறது. இசக்கிப்ரியாவும் நானும் குனிந்து போக வேண்டும், சின்னவர்கள் நிமிர்ந்தே போகலாம். உள்ளே போனதும் எல்லோரும் ஒருவர் பெயரை ஒருவர் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். குரல் சுற்றிச் சுற்றி வந்தது. தலைக்கு மேலே லாரிகள். நானும் "ஆல்வின்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

"அது யாரு டீச்சர்?" என்றான் கவின்.

"எம் பையன்."

"அவன் எந்த கிளாஸ்?"

"நாலு."

"நம்ம ஸ்கூல்ல காணோமே?"

அதற்குள் மறுபக்கம் வந்துவிட்டோம். உடைந்த பாட்டில்கள் கிடந்தன. நாளைக்கு ஒரு வாரியல் எடுத்து வர வேண்டும்.

ஆகஸ்ட் 31, வியாழன்

இருபத்து மூன்று பேர். இதுவரை இதுதான் அதிகம்.

செப்டம்பர் 6, புதன்

ஆல்வினின் வேன் வர இருபது நிமிடம் தாமதம். நான் போகும்போது பிள்ளைகள் ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிரேயர் முடிந்த பிறகுதான் உள்ளே போனோம். சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

செப்டம்பர் 14, வியாழன்

இன்றும் தாமதம். இனி எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று கொடியை இசக்கிப்ரியாவிடமே கொடுத்துவிட்டேன். அடியில் போகிற வழிதானே. பெரிய பிள்ளை, பொறுப்பும் பழகட்டும். கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள், ஓடைப்பாலத்துக்குள்ளேயும்.

அக்டோபர் 5, வியாழன்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து பதினோரு பேர்தான். விடுமுறையில் தோட்டவிளைக்கு ஓர் ஆங்கிலப் பள்ளி வேன் வந்து ஆள் சேர்த்திருக்கிறது. நாலு பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவர்கள் ஆட்டோவுக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஒரு பிள்ளையின் அப்பாவிடம் கேட்டேன். "நடந்து போற பிள்ளையன்னா எளக்காரமாப் பாக்காவ டீச்சர். நீங்க தப்பா நெனைக்கப்படாது" என்றார். தப்பாக நினைக்க எனக்கு என்ன இருக்கிறது?

இந்த வாரத்தில் மூன்று நாள் நான் நேராகப் பள்ளிக்குப் போனேன். இசக்கிப்ரியா கூட்டி வந்துவிடுகிறாள்.

அக்டோபர் 16, திங்கள்

நேற்றிலிருந்து மழை. ஓடைப்பாலத்தில் கணுக்காலுக்குத் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தோம். நாளைக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் யாரும் இறங்கக் கூடாது, நான் வரும்வரை அந்தப் பக்கமே நிற்க வேண்டும், மேலே நான் கூட்டிப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

"நீங்க வராட்டி டீச்சர்?" என்றாள் இசக்கிப்ரியா.

"வருவேன்."

அக்டோபர் 17, செவ்வாய்

காலையில் எழுந்ததிலிருந்து சரியான தலைவலி. தோட்டவிளைக்குப் போக முடியவில்லை. ஸ்கூட்டரில் நேராகப் பள்ளிக்குப் போனேன்.

ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. இசக்கிப்ரியாவைக் கார் அடித்துவிட்டது. உயிர் இருக்கிறது.

அக்டோபர் 18, புதன்

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது சுடலைதான். அடிபட்டு இரண்டு நிமிடம் கழித்துத்தான் அந்த வழியாக வந்திருக்கிறான். ஆட்டோவில் இருந்த பிள்ளைகளை ரோட்டோரம் இறக்கிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். மற்ற பிள்ளைகள் அவனிடம் சொன்னதை எனக்குச் சொன்னான்.

"ஓடைல இடுப்பளவு தண்ணி டீச்சர். கொஞ்ச நேரம் நின்னு பாத்திருக்காவ. மணி ஆயிட்டுன்னு மேல ஏறிட்டாவ. நடுச்சொவத்துல சின்னதுவள ஒண்ணு ஒண்ணாத் தூக்கி விட்டது இவதான். அந்தப் பக்கத்து ரோட்டுல கொடியத் தூக்கிக்கிட்டு நடுவுல போய் நின்னுருக்கா. லாரிக்காரன் ஒருத்தன் நிறுத்திட்டான். பத்து பிள்ளையளும் தாண்டியாச்சு. லாரி ஏன் நிக்குன்னு தெரியாம பின்னால வந்த கார்க்காரன் சைடுல ஏறி வந்துட்டான்."

லாரி போய்விட்டது. நம்பரை யாரும் பார்க்கவில்லை.

சொல்லிவிட்டுச் சட்டையைப் பார்த்தான். வேறு சட்டைதான் போட்டிருந்தான். இருந்தாலும் பார்த்தான்.

"நீங்க எங்க டீச்சர் நேத்து?"

"உடம்பு சரியில்ல."

அக்டோபர் 20, வெள்ளி

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 21, சனி

துணி துவைக்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்து போய்விட்டது, பிடிக்கவில்லை.

அக்டோபர் 25, புதன்

விசாரணை. வட்டாரக் கல்வி அலுவலர் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளிடம் கேட்டார். "அன்னைக்கு டீச்சர் உங்ககூட வந்தாங்களா?" பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில், வாய்ப்பாடு சொல்கிற மாதிரி, "இல்ல சார்" என்றார்கள்.

பிறகு சங்கரலிங்கம் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டைப் அடித்த கடிதம் தயாராக இருந்தது. இயக்கம் ஜூன் 30 உடன் முடிந்துவிட்டது, அதன் பிறகு பிள்ளைகள் தங்கள் விருப்பப்படி நடந்து வந்தார்கள், ஆசிரியர் எவரும் அழைத்து வரவுமில்லை, சாலையைக் கடக்கச் சொல்லவுமில்லை.

"எனக்கு ரெண்டு வருசம்தான் டீச்சர் சர்வீஸ் பாக்கி. உங்களுக்கும் குடும்பம் இருக்கு. இது யாரையும் குத்தம் சொல்லலியே. நடந்தது நடந்து போச்சு."

"நாங்க தெனமும் போனது ஊருக்கே தெரியும் சார்."

"ஊரு எழுதிக் குடுக்காதுலா. பயிற்சில குடுத்த நோட்டு ஒண்ணு இருக்குமே, அது எங்க?"

"பழைய பேப்பரோட போட்டுட்டேன் சார்."

"நல்லதாப் போச்சு."

கடிதத்தை முழுவதும் படித்தேன். 'அழைத்து' என்பதில் ஒற்று விட்டிருந்தது. பேனாவால் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 28, சனி

பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பேச்சியம்மாள் மருந்து வாங்கப் போயிருந்தாள். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. நான் முகத்தை மட்டும் பார்த்தேன்.

இசக்கிப்ரியா சைகை காட்டி என்னைக் குனியச் சொன்னாள்.

"டீச்சர், போலீசு வந்து எழுதிட்டுப் போனாவ. நீங்க எங்ககூடதான் நின்னியன்னு சொல்லிட்டேன். நீங்கதான் கொடி பிடிச்சிய, நான் பின்னால தனியாத் தங்கிட்டேன்னு சொல்லிட்டேன். நீங்க பயப்படாதிய."

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"நீங்க இல்லன்னு சொன்னா உங்கள வேலைய விட்டுத் தூக்கிருவாவல்லா?"

சாத்துக்குடி வாங்கிப் போயிருந்தேன். உரித்து, கொட்டை எடுத்து, ஒவ்வொரு சுளையாகக் கொடுத்தேன். ஆறு சுளை சாப்பிட்டாள்.

நான் எழுதிக் கொடுத்ததைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் இருந்தார்கள்.

நவம்பர் 3, வெள்ளி

சுடலை ஆட்டோவைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு, பிள்ளைகள் எல்லாம் உள்ளே போகும்வரை காத்திருந்தான்.

"டீச்சர், கார்க்காரன் வக்கீலு வச்சிட்டான். கொடியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது, பிள்ள குறுக்க ஓடிச்சின்னு சொல்லுதான். டீச்சர் கொடி பிடிச்சாவன்னு பிள்ள சொல்லுது. டீச்சரே வரலன்னு ஸ்கூல்ல எழுதிக் குடுத்திருக்கு. அப்பம் பிள்ள சொன்னது அம்புட்டும் பொய்யின்னு ஆக்கிட்டாவ. அவ கொடியோட நின்னதும் பொய்யாப் போச்சு."

நான் பள்ளி வாசலைப் பார்த்தேன்.

"நான் ஆட்டோவுல பதிமூணு பேர அடச்சிட்டு வாரவன். நான் உங்களுக்குப் புத்தி சொல்லப்படாது. ஆனா நீங்க ஒரு வார்த்த போய் சொல்லலாம் டீச்சர்."

பெல் அடித்தது. எனக்கு முதல் பீரியட் ஆறாம் வகுப்பு.

நவம்பர் 8, புதன்

நோட்டு பழைய பேப்பரோடு போகவில்லை. இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜூன் 26 முதல் ஒவ்வொரு நாளும் எத்தனை பேர், யார் முன்னால், யார் பின்னால், எல்லாம் இதில் இருக்கிறது. கொடியை அவளிடம் கொடுத்ததும் இருக்கிறது. நாளைக்கு அரைநாள் லீவு சொல்லியிருக்கிறேன்.

ஜெயசிங் தடுக்கவில்லை. "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 9, வியாழன்

காவல் நிலையத்தில் அந்த வழக்கைப் பார்க்கிற ஏட்டம்மாவிடம் நோட்டைக் கொடுத்தேன். நாற்பது வயதிருக்கும், மரியாதையாகத்தான் பேசினார். டீ வாங்கிவரச் சொன்னார். ஜூனிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் படித்தார். நான் எதிரே உட்கார்ந்து அவர் கண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க அன்னைக்கு அங்க இருந்தீங்களா டீச்சர்?"

"இல்ல. ஆனா கொடி நான் குடுத்தது. என் வேலையத்தான் அவ செஞ்சா."

"இல்லன்னா நீங்க எதையும் பாக்கல. பாக்காதவங்க கார்க்காரன் மேல என்ன சாட்சி சொல்ல முடியும்? இருந்தேன்னு சொன்னா, ஸ்கூல் கடுதாசியில உங்க கையெழுத்து பொய். எப்படிப் போட்டாலும் அந்தப் பிள்ளைக்கு ஒதவாதே."

பிறகு அக்டோபர் 17 பக்கத்தைத் திருப்பி என் பக்கமாக வைத்தார்.

"தலைவலின்னு எழுதியிருக்கீங்க. நெஜமாவே தலைவலியா?"

இல்லை என்றேன்.

தலைவலி இல்லை. அன்றைக்கும் வேன் வரவில்லை. ஆல்வினுக்கு யூனிட் டெஸ்ட். ஒன்பது கிலோமீட்டர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் அவன் பள்ளியில் விட்டேன். போகும்போது மழையில் ஓடை மஞ்சளாக ஓடியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் போனேன். நேரத்துக்குள் திரும்பி வந்துவிடலாம் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது சாலையோரம் கூட்டமாக இருந்தது. நான் வண்டியை நிறுத்தவில்லை. ஏதோ மாடு அடிபட்டிருக்கும் என்று நினைத்ததாக இதுவரை எனக்கு நானே சொல்லி வந்தேன். கவின் ரோட்டோரம் நின்றதைப் பார்த்தேன்.

"இதுலயும் பொய் இருக்கே டீச்சர். வக்கீல் மொதல்ல இந்தப் பக்கத்தத்தான் படிப்பான். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க" என்றார் ஏட்டம்மா. நோட்டை மூடி, தூசி இல்லாத இடத்தில் வைக்கிற மாதிரி, என் கையில் கொடுத்தார்.

டீ வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 11, சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் பேச்சியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தெரியும் டீச்சர்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"ரோட்டுல நிக்கும்போது நீங்க வண்டில போனத கவின் பாத்திருக்கான். டீச்சர் வாராவன்னு கை காட்டியிருக்கான்."

குழாயை மூடினாள். வாளியைக் கவிழ்த்து உதறினாள். அவள் திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள், வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் வந்திருந்தேன்.

"உங்க பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்குப் போவணும்லா டீச்சர்" என்றாள். குத்திக் காட்டவில்லை. யோசித்துப் பார்த்து, எனக்காக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி சொன்னாள்.

நவம்பர் 20, திங்கள்

இசக்கிப்ரியா போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டாள். பார்க்கப் போன பிள்ளைகளில் ஒருத்தி "நீ போலீஸ்ட்ட பொய் சொன்னியாமே" என்று கேட்டிருக்கிறாள். அதன் பிறகு யாரையும் உள்ளே விட வேண்டாம் என்கிறாளாம். வகுப்பில் அவளைப் பொய்க்காரி என்று பேசிக்கொள்வதை நானே கேட்டேன்.

இன்று காலை பிரேயரில் எனக்கு முறை. ஒரு திருக்குறள், ஒரு பொன்மொழி, இரண்டு செய்தி வாசிக்க வேண்டும். குறளைச் சொல்லிவிட்டு, மற்றதை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

"இசக்கிப்ரியா பொய் சொன்னது எனக்காக. தோட்டவிளையிலிருந்து உங்களைக் கூட்டிட்டு வந்தது நான்தான். அன்னைக்கு வாரேன்னு சொல்லிட்டு வராம இருந்தது நான். உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஆனா நான் உங்கள கூட்டிட்டே வரலன்னு கையெழுத்துப் போட்டேன். பெரிய பொய் அதுதான். அவள யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

சங்கரலிங்கம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மைக் கொஞ்சம் கரகரத்தது.

பேசி முடித்ததும் பிள்ளைகள் வழக்கம்போல் கைதட்டினார்கள். ஒன்றாம் வகுப்பு கடைசிவரை தட்டியது. பிறகு உறுதிமொழி. பிறகு வகுப்புக்குப் போனோம்.

நவம்பர் 24, வெள்ளி

விளக்கம் கேட்டு மெமோ. பதில் எழுத ஏழு நாள்.

ஆல்வினுக்குச் சளி. ரசம் வைத்தேன்.

டிசம்பர் 1, வெள்ளி

புதுச் சுற்றறிக்கை. பாதுகாவலர் இல்லாமல் எந்தப் பிள்ளையும் நடந்து பள்ளிக்கு வரக் கூடாது. பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. தோட்டவிளையிலிருந்து இப்போது சுடலையின் ஆட்டோ மூன்று நடை வருகிறது. பள்ளி வாசலில் காலையில் நிற்க இடம் இல்லை. பைக்குகள். சாலைக்கு அடியில் ஓடை வற்றிவிட்டதாம். அந்த வழியாக யாரும் வருவதில்லை.

ஜனவரியிலிருந்து எனக்கு வேறு ஒன்றியத்துக்கு மாறுதல் என்று பேசிக்கொள்கிறார்கள்.

டிசம்பர் 14, வியாழன்

சாயங்காலம் தோட்டவிளைக்குப் போனேன். அரையாண்டுக்கு வினாத்தாளாவது கொண்டு வந்து கொடுக்கிறேன், வீட்டிலேயே எழுதட்டும் என்று கேட்கப் போனேன். பேச்சியம்மாள் கடைக்குப் போயிருந்தாள். கதவு திறந்திருந்தது. இசக்கிப்ரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊன்றி நடக்கும் கக்கக்கட்டை பக்கத்தில் கிடந்தது. தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள், பேனுக்காக. என்னைப் பார்த்ததும் பாவாடையை இழுத்து மூடினாள்.

பாடங்களைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அறிவியலில் எத்தனை பாடம் முடிந்திருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். பரீட்சை எழுதுகிறாயா என்றேன்.

"வேண்டாம் டீச்சர்."

"அடுத்த வருசமாவது வருவியா?"

வெளியே தெருக்குழாயில் குடம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது.

"பிரேயர்ல பேசுனியளாமே. கவின் சொன்னான்."

"ஆமா."

"எதுக்கு டீச்சர்? நான் சொன்னது வீணாப் போச்சே."

கோபமாகக்கூட அவள் சொல்லவில்லை. கஷ்டப்பட்டுச் செய்த ஒன்றை யாரோ தட்டிவிட்ட மாதிரி சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் விட்டுவைத்தாள், பிறகு மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"அம்மா வாரதுக்குள்ள போயிருங்க டீச்சர்."

"ஏம்மா? அவகிட்டயும் ஒரு வார்த்த பேசிட்டுப் போறேன்."

"உங்களப் பாத்தா அவ திட்ட மாட்டா. காப்பி போட்டுத் தருவா. நீங்க போன பொறவு அழுவா. எனக்கு அதப் பாக்க முடியல."

எழுந்தேன். கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டேன். திறந்தே இருக்கட்டும் என்றாள்.

ஸ்கூட்டரை அங்கே ஸ்டார்ட் செய்யவில்லை. தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனேன்.